சரஸ்வதி ஊத்துன உப்புத் தண்ணி

சத்தியமா நடந்த கதை இது. ஒரு சொல்லு பொய் கிடையாது. பொய்யா இருந்தா இந்த டீ கிளாஸு என் கையிலயே வெடிச்சுப் போவட்டும்.

வெடிக்கல, பாத்தீங்களா? இருந்தாலும் கிளாஸக் கீழ வச்சிட்டே மேல சொல்றேன். எதுக்கு வம்பு. கொஞ்சம் இழுத்துத்தான் சொல்லுவேன். நம்ம டீக்கடை காதர் மைதீன் நானா டீய ஒரு ஆள் ஒசரத்துக்கு இழுத்து ஆத்துறாரு, அதனால டீ வேற ஆயிடுதா? நுரைதான் கூடுது. அந்த மாதிரி. அடியில இருக்கறது அசல் டீ.

மாணிக்கம் அண்ணே, அப்படி ரோட்டப் பாக்காதீங்க. உங்க பஸ்ஸு ரோச்சோர் கால்வாய் வெள்ளத்துல படகாட்டம் நிக்குது, மழை விட்டாத்தான் நீங்க டிக்கெட்டு கிழிக்க முடியும். கண்மணி அக்கா, நீங்க பாட்டுக்குப் பூவக் கட்டுங்க. ஒரு முழத்துக்கு ஒரு முழம் நடுவுல வாயையும் கட்டிக்கிட்டா கதை சீக்கிரம் முடியும்.

சரி. செல்லக்கண்ணுன்னு ஒருத்தரு. இதே தேக்காவுல, பஃபலோ ரோட்டுப் பக்கம், அஹமது கபீர் பாயோட மளிகைக் கடையில மூட்டை தூக்கறவரு. சப்பான்காரன் போயி கொஞ்ச வருசம் ஆனப்ப வந்து சேந்தாரு. ஆளு நல்ல ஒசரம். மூட்டையத் தூக்கித் தோள்ல போட்டா, மூட்டைக்கே தலை சுத்தும்.

அவருகிட்ட ஒரு கோளாறு. மனுசன் மரத்துப் போனவரு. மரத்துன்னா சும்மா இல்ல. ஒரு நாளு புளி மூட்டையில இருந்த தேளு அவரு கையில கொட்டிருச்சு. இவரு அதை எடுத்து ஓரமா விட்டுட்டு அடுத்த மூட்டையத் தூக்கிட்டாரு. தேளுதான் ஒரு வாரம் காய்ச்சல்ல படுத்துச்சு. கூட வேலை பாத்தவனுங்க ஒரு தடவை இவர சினிமாவுக்கு இழுத்துட்டுப் போனானுங்க. சோகப் படம். கொட்டகையே அழுவுது. அழுத தண்ணியில முன் வரிசைக்காரன் செருப்பெல்லாம் மிதந்து வெளிய வந்துருச்சு. இவரு பக்கத்துல இருந்தவனப் பாத்து, “மழை பெய்யுதோ?”ன்னாரு.

“செருப்பு மிதந்துச்சா?” அப்படின்னு மாணிக்கம் அண்ணன் கேக்கறாரு. நுரைண்ணே. நுரைய ஊதிட்டுக் குடிங்க.

ஏன் அப்படி ஆனாருன்னு கேட்டா, சயாமுக்குப் போயிட்டு வந்தவரு. ரயில் ரோடு போடன்னு சப்பான்காரன் ஏத்திட்டுப் போனானே, அந்தக் கூட்டத்துல அண்ணனும் தம்பியுமாப் போனாங்க. தம்பி திரும்பி வந்தாரு. இதுல நுரை கிடையாது. அவரு இதப்பத்தி யாருகிட்டயும் பேசுனதும் கிடையாது. ஒண்ணே ஒண்ணு மட்டும் எப்பவோ கபீர் பாய்கிட்ட சொல்லிருக்காரு. அங்க ஓலைக் கொட்டகையில வரிசையாப் படுத்திருப்பாங்களாம். காலையில பக்கத்துல திரும்பிப் பாக்கக் கூடாதாம். மேல ஓலையப் பாத்துக்கிட்டே எந்திரிச்சு வெளிய போயிடணுமாம். பாத்தாத்தானே யாரு எந்திரிக்கலன்னு தெரியும்.

அதனால அவருக்கு மேல பாத்துப் படுக்கறது பழக்கம் ஆயிருச்சு.

கபீர் பாய் நல்ல மனுசன். கடைக்கு மேல, பின்பக்கம், ஒரு அறைய அவருக்குச் சும்மாவே விட்டாரு. முன்பக்கம் பழைய செங்கல் கட்டடம், ஓட்டுக் கூரை. பின்பக்கம் மட்டும் சப்பான் சண்டைக்கு முன்னாடி பாயோட அத்தா, அதான் அப்பா, கான்கிரீட்ல இழுத்துக் கட்டுனது. மேல தட்டையா மொட்ட மாடி, அறைக்குத் தரை மட்டும் மரப்பலகை. அந்தக் காலத்துல கான்கிரீட்டுன்னா பெரிய பவுசு. “இது மலை மாதிரி, இதுக்குச் சாவே கிடையாது”ன்னு அத்தா சொல்லுவாராம். அத்தா போயி சேந்துட்டாரு. மலை நின்னுச்சு.

அந்த மலைக்கு அடியில கான்வாஸு கட்டிலப் போட்டு செல்லக்கண்ணு படுத்திருப்பாரு. வேலை முடிஞ்சா கட்டிலு. சாப்பிட்டா கட்டிலு. ஞாயித்துக்கிழமைன்னா முழுக்கக் கட்டிலு. தலைக்கு மேல வெள்ளையடிச்ச மோட்டையே பாத்துக்கிட்டு கெடப்பாரு. சந்தோசமும் இல்ல, துக்கமும் இல்ல. கடையில தராசு ரெண்டு தட்டும் காலியா இருந்தா எப்படி நிக்கும், அப்படி.

நாக்கும் செத்துப் போச்சு அவருக்கு. தீபாவளிக்கு யாரோ லட்டு குடுத்தாங்க. தின்னுட்டு, “நல்லா வெந்திருக்கு”ன்னாரு. லட்டப் போயி வெந்திருக்குன்னு சொன்ன ஒரே ஆளு அவருதான். மீன் குழம்பும் வெந்நித் தண்ணியும் ஒண்ணு. வாய்க்கும் வயித்துக்கும் நடுவுல இருக்கற வேலைய மட்டும் செஞ்சுட்டு எந்திரிச்சிருவாரு.

இப்ப சரஸ்வதி வர்றாங்க. அதே மாடியில முன் அறை. புருசன் துறைமுகத்துல வேலை பாத்து, காய்ச்சல்ல போயிட்டாரு. இந்தம்மா ஊறுகாய் போட்டு விக்கிறவங்க. எலுமிச்சங்கா, மாங்கா, மோர்மிளகா. தேக்கா மார்க்கெட்டுல அவங்க ஜாடியத் தொறந்தா அந்தக் கோடியில கிளமெண்டியில இருக்கறவனுக்கு வாயில எச்சி ஊறும். வாய்க்கும் கொறச்சல் இல்ல. ஒரு தடவை கடன் சொன்ன ஆளத் திட்டுனாங்க, அவன் கப்பலேறி நாகப்பட்டினத்துல போயி எறங்குனப்புறந்தான் திட்டு முடிஞ்சுச்சு.

அவங்க ஊறுகாய் காய வைக்கற எடம் அந்த மொட்ட மாடி. எலுமிச்சங்காய உப்புல ஊற வச்சு, வடிச்சு, வெயில்ல போடுவாங்க. வடிச்ச தண்ணி இருக்கே, அது கடல் தண்ணிக்கே பாட்டன். ஜாடி கழுவுன தண்ணி வேற. அதையெல்லாம் என்ன பண்றது? கீழ கொண்டு போயி சாக்கடையில ஊத்தலாம். ஆனா உப்பு லட்சுமியாச்சே! உப்பச் சிந்தக்கூடாது, மிதிக்கக்கூடாதுன்னு வளந்தவங்க நாம. அதப் போயி சாக்கடையில ஊத்துனா வீடு வெளங்குமா? அதுவும் உப்பாலயே பொழைக்கிற வீடு. அதனால மாடியில ஒரு மூலைய நல்லாக் கூட்டி, யாரும் கால் வைக்காத எடமாப் பாத்து, அங்க மரியாதையா ஊத்துவாங்க. வெயில் குடிச்சுக்கும்னு நெனப்பு.

வெயில் தண்ணிய மட்டுந்தான் குடிக்கும். உப்ப விட்டுட்டுப் போயிரும். அந்த மூலைக்கு நேர் கீழதான் செல்லக்கண்ணு கட்டிலு.

ஒரு நாளு சரஸ்வதி இவரு கஞ்சி குடிக்கறதப் பாத்துட்டு, “என்னண்ணே, சுவத்துக்குச் சாந்து பூசற மாதிரி வாய்க்குள்ள பூசறீங்க?”ன்னு ஒரு துண்டு எலுமிச்சங்கா ஊறுகாயக் கிண்ணத்துல போட்டுட்டுப் போயிட்டாங்க. இவரு வாயில வச்சாரு. நாக்கு ஓரத்துல, இடது பக்கமா, சுருக்குன்னுச்சு. பூட்டிக் கெடந்த வீட்டுக்குள்ள எலி ஓடுன மாதிரி ஒரு சின்ன சத்தம். யாருகிட்டயும் சொல்லல.

மறுநாளு கதவுகிட்ட வந்து நின்னாரு. “தங்கச்சி, அது இன்னும் இருக்கா?”

பெரிய விசயம் இல்லன்னு நெனக்காதீங்க. சயாம்லேருந்து வந்தப்புறம் அந்த மனுசன் இது வேணும்னு வாயத் தொறந்து கேட்டது அதுதான் மொத தடவை. சரஸ்வதிக்கு அது தெரியாது. “எது, என் வாயா? அது எப்பவும் இருக்கும்”னு சொல்லிட்டு ஒரு கரண்டி போட்டாங்க. அன்னைலேருந்து தினம் மத்தியானக் கஞ்சிக்கு ஒரு துண்டு.

வருசம் ஓடுச்சு. அம்பத்தஞ்சு, அம்பத்தாறு. மோட்டுல ஒரு கீறல் விழுந்துச்சு. தலைமுடி தண்டி. மத்த வெடிப்பெல்லாம் கோழி கிண்டுன மாதிரி கோணலா ஓடும், இது பள்ளிக்கூடத்து வாத்தியாரு அடிமட்டம் வச்சுப் போட்ட மாதிரி நேரா ஓடுச்சு. செல்லக்கண்ணு பாத்தாரு. பாக்கறதுக்கு ஒரு சாமான் கெடைச்சுச்சு, அவ்வளவுதான். அப்புறம் பக்கத்துலயே இன்னொரு கோடு. அப்புறம் அந்தக் கோட்டோரமா காவிக் கலர்ல கறை எறங்குச்சு, வெத்தல எச்சி வடிஞ்ச மாதிரி.

கபீர் பாய் வருசா வருசம் பெருநாளைக்கு வீட்டுக்கு வெள்ளையடிப்பாரு. ஆள விட்டு அந்தக் கீறல்ல சிமிட்டிய அப்பி, மேல சுண்ணாம்பு. சொறிசிரங்குக்கு பவுடர் போட்டு மாப்பிள்ளை பாக்கப் போன மாதிரி. ரெண்டு மாசம் பளபளன்னு இருக்கும். அப்புறம் அதே எடத்துல, அதே நேர்கோடு, முன்ன விட அகலமா சிரிக்கும்.

ஒரு மழை நாளு மேல இருந்து சொட்டுச்சு. படுத்திருந்த செல்லக்கண்ணு ஒதட்டுல ஒரு சொட்டு. தன்னையறியாம நாக்கு வெளிய வந்து நக்குச்சு. இடது ஓரத்துல சுருக்கு.

உப்பு.

அப்பவே அவருக்குப் புரிஞ்சுபோச்சு, மேல என்ன ஊத்தறாங்க, எங்க ஊத்தறாங்கன்னு. எந்திரிச்சுப் போயி சொல்லிருக்கலாம். சொல்லல. சொட்டு விழுந்தா வாயத் தொறந்து வாங்கிக்குவாரு. சிரிக்காதீங்க அக்கா, அந்த மனுசனுக்கு அது மழைக்காலத்துப் பலகாரம்.

அப்புறந்தான் சில்லு விழ ஆரம்பிச்சுச்சு. மொதல்ல பொடி. அப்புறம் ஒரு நாளு மத்தியானம் பொரிகடலை சைசுல ஒரு துண்டு கஞ்சியிலயே விழுந்துச்சு. இவரு கடிச்சாரு, கடக்கு முடக்குன்னு. மூட்டை எடுக்க மேல வந்த கபீர் பாய் அதக் கேட்டுட்டாரு.

“என்னய்யா கடிக்கிறே?”

“தெரியல மொதலாளி. மேல இருந்து வந்துச்சு.”

பாய் அண்ணாந்து பாத்தாரு. அவரு தொப்பி கீழ விழுந்துருச்சு. மோட்டுல கதவு அகலத்துக்கு ஒரு எடம் வயித்துல புள்ளை இருக்கற மாதிரி கீழ தொங்கிக்கிட்டு இருக்கு. அதுக்கு அடியில கட்டில். கட்டில்ல இவரு. இவரு மடியில கஞ்சி.

மறுநாளே பாய் தங்கராஜுவக் கூட்டியாந்தாரு. தங்கராஜு அப்ப ஒரு கட்டடக் காண்ட்ராக்டருகிட்ட ஓவர்சியரு, படிச்ச புள்ளை, கபீர் பாய் கடையிலதான் மசாலாத் தூளு வாங்குவாரு. கால்சட்டை மடிப்புல தோசை திருப்பலாம், அவ்வளவு கூர்மை. கையில ஒரு சின்ன சுத்தியலு. ஸ்டூல்ல ஏறி மோட்டத் தட்டுனாரு. ஓரத்துல டொக்கு டொக்குன்னுச்சு. கட்டிலுக்கு நேர் மேல டொப்பு டொப்புன்னுச்சு. உள்ள வத்திப்போன தேங்காயத் தட்டுன சத்தம்.

“மொதலாளி, உள்ள விட்டுப் போச்சு. இது எப்ப வேணாலும் விழும்.”

“அத்தா மலைன்னாரேப்பா!”

“மலைக்குள்ள கம்பி இருக்குல்ல? கம்பிக்குத் துரு புடிச்சிருச்சு.”

“துருப்புடிச்சா கம்பி மெலிஞ்சுதானே போவும்? மெலிஞ்சா இளக்கமால்ல இருக்கணும், எதுக்கு வெடிக்குது?”

தங்கராஜு சிரிச்சாரு. “மொதலாளி, ஒரு படி அரிசி வேக வச்சா ஒரு படி சோறா வரும்?”

“மூணு படி வரும்.”

“அந்தக் கதைதான். இரும்பு மெலியும், ஆனா துரு ஊதும். அரிசி சோறான மாதிரி, இருந்த எடத்த விட நாலு மடங்கு எடம் கேக்கும். கான்கிரீட்டுக்குள்ள ஏது எடம்? மூடியக் கட்டி வச்ச பானையில சோறு பொங்குனா என்ன ஆவும்? கம்பி எங்கெங்க ஓடுதோ அதுக்கு நேரா பிளக்கும். அதான் கோடு நேரா இருக்கு. அப்புறம் காவியா வடியும். அப்புறம் சத்தம் மாறும். அப்புறம் விழும்.”

“கம்பி புள்ளத்தாச்சின்னு சொல்லு.”

“சொல்லலாம். பிரசவம் இவரு தலையில.”

வாசல்ல வேடிக்கை பாத்துக்கிட்டிருந்த சரஸ்வதி குபீர்னு சிரிச்சாங்க. அந்தச் சிரிப்பு முடியறதுக்குள்ள தங்கராஜு அடுத்ததக் கேட்டாரு. “சாதாரணமா கான்கிரீட்டுக்குள்ள கம்பி பத்திரமாத் தூங்கும் மொதலாளி. சிமிட்டியில இருக்கற காரம் அதுக்குப் போர்வை மாதிரி. துரு அண்டாது. அந்தப் போர்வைய உருவறது உப்பு. ஒண்ணு, கட்டும்போதே பிடோக் கடக்கரை மணல அலசாமப் போட்டிருக்கணும். இல்லாட்டி மேலருந்து உப்பு எறங்குது. மாடியில என்ன ஊத்தறீங்க?”

சிரிப்பு நின்னு போச்சு. கபீர் பாய் சரஸ்வதியப் பாத்தாரு. சரஸ்வதி சுவத்தப் பாத்தாங்க. அந்தம்மா வாயில வார்த்தை இல்லாம நின்ன ஒரே நாளு அதுதான்.

“மழைதான் ஊத்துது”ன்னாங்க கடைசியில. சத்தமே வரல.

அவங்க நெலமைய நெனச்சுப் பாருங்க. ஊறுகாய்தான்னு தெரிஞ்சா மாடி போச்சு. மாடி போனா வெயிலு போச்சு, வெயிலு போனா வியாபாரம் போச்சு. கபீர் பாய் நல்லவருதான். ஆனா அத்தா கட்டுன மலைய ஊறுகாய் போட்டு உருக்குனவங்கள எந்த நல்லவரு வீட்டுல வச்சுப்பாரு?

தங்கராஜு கட்டில் பக்கம் திரும்புனாரு. “அண்ணே, இங்கயே படுத்துக் கெடக்கறீங்க. சொட்டுற தண்ணி எப்பவாச்சும் வாயில பட்டிருக்கா? உப்புக் கரிச்சுச்சா?”

எல்லாரும் செல்லக்கண்ணுவப் பாத்தாங்க. அவரு வழக்கம் போல மேல பாத்துக்கிட்டிருந்தாரு. கீழ கடையில யாரோ கொத்தமல்லி அளக்கற சத்தம் கேட்டுச்சு.

“எனக்கு ருசி தெரியாது”ன்னாரு.

பாய் தலைய ஆட்டுனாரு. “ஆமாப்பா. அவனுக்கு லட்டும் கல்லும் ஒண்ணு. அவன்கிட்டயா கேக்கறே?” ஊருக்கே தெரிஞ்ச விசயம். யாரு சந்தேகப்படுவா? தங்கராஜும் விட்டுட்டாரு. “எதுவா இருந்தாலும் இத ஒடைச்சு, துரு பூரா சொரண்டி, புதுசாக் கம்பி கட்டித்தான் ஊத்தணும். அதுவரைக்கும் முட்டுக் குடுங்க. இவர இங்க படுக்க விடாதீங்க”ன்னு சொல்லிட்டு எறங்கிப் போனாரு.

“பெருநாளு முடிஞ்சதும் ஆளு வரச் சொல்றேன்”னாரு பாய். “நீ கீழ கடையில படுத்துக்க.”

“இருக்கட்டும் மொதலாளி.”

“தலையில விழும்யா!”

“விழுந்தா விழட்டும் மொதலாளி.”

வீம்பு கிடையாது அதுல. கோவமும் இல்ல, அழுகையும் இல்ல. ‘கடையச் சாத்தட்டுமா’ன்னு கேட்டா ‘சாத்து’ன்னு சொல்ற மாதிரி சொன்னாரு. பாய் தொப்பியத் தட்டிப் போட்டுக்கிட்டு எறங்கிட்டாரு.

ஆளு போனதும் சரஸ்வதி உள்ள வந்தாங்க.

“ஏண்ணே பொய் சொன்னீங்க?”

“பொய் சொல்லலியே.”

“ருசி தெரியாதவருதான் தெனம் வந்து ஊறுகாய்க்கு நிக்கிறீங்களோ? மேல நான்தான் ஊத்தறேன்னு உங்களுக்குத் தெரியும்லா?”

“தெரியும்.”

“எப்பலேருந்து?”

“சொட்டுனதுலேருந்து.”

“அப்பவே சொல்றதுக்கென்ன? வாய்ல கொழுக்கட்டையா?”

“சொன்னா நீ போயிருவே.”

சரஸ்வதிக்கு வந்துச்சு பாருங்க கோவம். “சொல்லாம இருந்தா நீங்க போயிருவீங்களேய்யா! மாடு மாதிரி ஒசந்திருக்கீங்க, மூளை மட்டும் மோர்மிளகா சைசா? உங்க தலையில அது விழுந்தா அந்தப் பாவம் யாரு தலையில? என் ஊறுகாய் ஆளக் கொன்னுச்சுன்னு தேக்கா பூரா சொல்லணுமா? கேட்டுக்குங்க. அந்தக் கட்டிலு அந்த மூலையில கெடக்கற வரைக்கும் உங்களுக்கு ஊறுகாய் கெடையாது. ஒரு துண்டு கெடையாது. சாறு கூடக் கெடையாது!”

சொன்ன மாதிரியே செஞ்சாங்க. அன்னைலேருந்து மாடியில ஊத்தறதும் நின்னுச்சு. வடிச்ச தண்ணியக் குடத்துல புடிச்சு, இடுப்புல வச்சு, ரோச்சோர் கால்வாய் வரைக்கும் நடந்தே போயி ஊத்துனாங்க. அது கடல் ஏறி எறங்கற தண்ணிதானே. “லட்சுமிய அவ பொறந்த வீட்டுக்கு அனுப்பறேன்”னு கால்வாயப் பாத்துக் கும்புடுவாங்க. ஆனா என்ன பிரயோசனம்? உள்ள போன உப்பு உள்ளதான். துரு கம்பியத் தின்னுக்கிட்டே இருந்துச்சு. நாமதான் பட்டினி போட்டா மெலிவோம், துருவுக்கு வருசக் கணக்குல சாப்பாடு கட்டி வச்சாச்சே.

செல்லக்கண்ணு வெறும் கஞ்சி குடிச்சாரு. மொத நாளு ஒண்ணும் தெரியல அவருக்கு. அப்புறம் கிண்ணத்தக் கையில வச்சுக்கிட்டு கதவப் பாத்தாரு. மேல பாக்கற ஆளு, கதவப் பாத்தாரு. யாரும் வரல. குடிச்சிட்டுப் படுத்தாரு. மோடு தொங்குது. கோட்டுக்குள்ள விரலு விடலாம் போல. அதுக்குள்ள கம்பி தெரியுது, செதில் செதிலா, வெங்காயச் சருகு மாதிரி. பாத்துக்கிட்டே கெடந்தாரு. பயம் வருதான்னு பாத்தாரு. வரல. எங்க தேடியும் வரல. விழுந்தா எப்படி இருக்கும்னு நெனச்சாரு. ஒண்ணும் இருக்காது போலன்னு தோணுச்சு. அண்ணனுக்கு எப்படி இருந்திருக்கும்னு நெனக்கப் போனாரு, பாதியில நிறுத்திட்டாரு.

இப்படியே பெருநாளு நெருங்கிருச்சு.

ஒரு நாளு காலையில செல்லக்கண்ணு எந்திரிச்சு, கட்டில இழுத்து எதிர்ச் சுவத்தோரம் போட்டாரு. ஏன் போட்டாரு? யாரும் பாக்கல. சொல்லிட்டும் போடல. கால் போன எடத்துக்குக் கட்டிலும் போச்சு. அப்புறம் வழக்கம் போல மூட்டை தூக்கப் போயிட்டாரு.

மத்தியானம் மேல வந்தாரு. புது எடத்துல உக்காந்தாரு. கிண்ணத்துல கஞ்சி. ஒரு வாய் வச்சிருப்பாரு.

வானமே இடிஞ்சு விழுந்துச்சு! சிராங்கூன் ரோட்டுல மாடெல்லாம் மண்டி போட்டுச்சு. கோயில் மணி தானா அடிச்சுச்சு. எங்கயோ தூரத்துல செங்காங்குல ஒரு கோழி பயத்துல நாலு முட்டையச் சேத்து இட்டுச்சு.

சரி சரி, மாணிக்கம் அண்ணே, மொறைக்காதீங்க. மாடி பூரா விழல. மோட்டோட அடிச் சதை மட்டும், ஒரு கதவு அகலத்துக்கு, பெயந்து விழுந்துச்சு. ஆனா ரெண்டு மூட்டை சீனி கனம் இருக்கும். பழைய கட்டில் எடத்துல தரைப் பலகையே பொத்துக்கிச்சு. கீழ கடையில மொளகா மூட்டைய எண்ணிக்கிட்டிருந்த கபீர் பாய் கலிமா சொல்லிக்கிட்டே மாடி ஏறுனாரு. சரஸ்வதி ஓடியாந்தாங்க, கையில ஊறுகாய்க் கரண்டியோட.

அறை பூரா புழுதி. ஒண்ணும் தெரியல. “அண்ணே! அண்ணே!”ன்னு சரஸ்வதி கத்தறாங்க. சத்தமே இல்ல. புழுதி மெல்ல எறங்குச்சு. மேல கம்பியெல்லாம் மீன் முள்ளு மாதிரி தெரியுது, சிலது ஈர்க்குச்சி தண்டிதான் மிச்சம். எதிர்ச் சுவத்தோரம் கட்டில்ல செல்லக்கண்ணு உக்காந்திருக்காரு. மாவுல பெரட்டுன மாதிரி தலைலேருந்து கால் வரைக்கும் வெள்ளை. கையில கிண்ணம். கிண்ணம் கிடுகிடுன்னு ஆடுது. கஞ்சி மடியில கொட்டுது.

அவரு மேல பாக்கல. பக்கத்துல பாத்துக்கிட்டிருந்தாரு. நேத்து வரைக்கும் தான் படுத்திருந்த எடத்தத் திரும்பிப் பாத்துக்கிட்டிருந்தாரு. கல்லுக் குவியல. ரொம்ப நேரம்.

“கை நடுங்குது”ன்னாரு.

பாய் கண்ணுல விழுந்த புழுதியத் தொடைச்சுக்கிட்டே, “யாரு கைய்யா?”ன்னாரு.

செல்லக்கண்ணு கிண்ணத்தக் கீழ வச்சிட்டு ரெண்டு கையையும் தூக்கிப் பாத்தாரு, வேற யாரோ கடையில மறந்து வச்சிட்டுப் போன சாமானப் பாக்கற மாதிரி.

“என்னுது போல”ன்னாரு.

சரஸ்வதி அப்பதான் அழுதாங்க. அழுதுக்கிட்டே பாய்கிட்ட எல்லாத்தையும் கொட்டிட்டாங்க, உப்பு, மூலை, லட்சுமி, எல்லாம். பாய் கல்லு மேல உக்காந்து கேட்டாரு. ஒரு துண்ட எடுத்து, நாக்குல வச்சுப் பாத்தாரு. மொகத்தச் சுளிச்சாரு. “எலுமிச்சங்கா”ன்னாரு.

அவங்கள வெளிய போகச் சொல்லல. மாடிய ஒடைச்சு புதுசாப் போட்டப்ப, கீழ கடைக்குப் பின்னால ஒரு மண் தரையக் காமிச்சு, “உன் லட்சுமிய இங்க காய வையி, இதுல கம்பி இல்ல”ன்னாரு. செல்லக்கண்ணு இன்னும் மூட்டைதான் தூக்கறாரு. இன்னும் லட்டு அவருக்கு வெந்திருக்குதான். பெருசா ஒண்ணும் மாறிடல. தேளு கொட்டுனா மட்டும், “ஆ”ன்னு மெதுவா ஒரு சத்தம் வருதுன்னு சொல்றாங்க.

அவ்வளவுதான் கதை.

“அவ்வளவுதானா? கட்டில எதுக்கு நகத்துனாருன்னு சொல்லவே இல்லியே!” இது மாணிக்கம் அண்ணன்.

யாரும் பாக்கலன்னேனே.

“இதுல பாக்க என்ன இருக்கு? ஊறுகாய்க்குத்தான். நாக்கு கேட்டுச்சு, நகத்திட்டாரு. ஆம்பளைக்கு நாக்குதான்யா எசமான்.”

“உங்களுக்கு அப்படி!”ன்னு பூவக் கீழ வச்சிட்டாங்க கண்மணி அக்கா. “அந்த ஆளு சரஸ்வதிக்காக நகத்துனாரு. அவ தலையில பாவம் விழக் கூடாதுன்னு. ஊறுகாய்க்குன்னா மொத நாளே நகத்திருப்பாருல்ல?”

“அக்கா, நீங்க பூவக் கட்டுறீங்களா, கதை கட்டுறீங்களா?”

“யோவ் கண்டக்டரு, நாக்க அடக்கிப் பேசு!”

காதர் மைதீன் நானா ஆத்தறத நிறுத்திட்டாரு. “ரெண்டு பேரும் தப்பு. காலையில மேல கிர்ருன்னு சத்தம் கேட்டிருக்கும். உசுருக்கு பயந்துட்டாரு. அவ்வளவுதான்லா. மூட்டை தூக்கறவனா இருந்தா என்ன, உசுரு உசுருதான்.”

“அவருக்குத்தான் பயமே வரலன்னு இவன் சொன்னான்ல?” மாணிக்கம் அண்ணன் என் பக்கம் கைய நீட்டுறாரு.

“இவன் செங்காங்குக் கோழி முட்டை போட்டுச்சுன்னுந்தான் சொன்னான்! அதையும் நம்பறியா?”

“கோழி வேற, கட்டில் வேற!”

“அது சரி,” மறுபடியும் மாணிக்கம் அண்ணன்தான், “மொதல்ல அந்தப் பொம்பளைய வீட்டுல வச்சதே தப்பு. ஊரையே உப்ப ஊத்தி இடிச்சிருவா!”

“என்னய்யா சொன்னே? இன்னொரு தடவை சொல்லு!”

கண்மணி அக்கா எந்திரிச்சிட்டாங்க. மல்லியப்பூ மாணிக்கம் அண்ணன் மூஞ்சில. அண்ணன் டிக்கெட்டுப் பையத் தூக்கறாரு. நானா நடுவுல வர்றாரு, கையில கொதிக்கிற டீயோட. ஐயோ நானா, டீ டீ! நானா, அத மொதல்ல கீழ...